நேரம் இருக்கிறவன் ஜெயிப்பான்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு முதல் போன் வந்தது. ராக்கன் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து எடுத்தார். பதினோரு மாதமாக அந்த வீட்டில் தெரியாத நம்பர் என்றால் யாரும் நடந்து போய் எடுப்பதில்லை.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி சுகுணாவின் பெயர் சிறுநீரகத்துக்கான பட்டியலில் இருந்தது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய வீட்டார் சம்மதித்து, ரத்த வகையும் பொருந்தினால் கூப்பிடுவார்கள். பதிவு செய்த அன்றே ஒருங்கிணைப்பாளர் அருணா தெளிவாகச் சொல்லியிருந்தார். "எந்த நம்பர்லேர்ந்து வேணாலும் கூப்பிடுவோம், லேண்ட்லைனா இருக்கும், செல்லா இருக்கும். ரெண்டு மூணு தடவ பார்ப்போம். கிடைக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவோம். தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்கும் நேரம் கிடையாது."

"ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?" என்றார் ராக்கன்.

மறுமுனையில் ஒரு பையன் சிரித்தான். "ஆமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரி. ஒம் மகளுக்கு பெட் ரெடியா இருக்கு, கூட்டிட்டு வா."

ராக்கனுக்குப் புரியவில்லை. ராங் நம்பர் என்று வைத்தார். வைத்த கையோடு அடுத்தது அடித்தது. அதில் ஒருவன் நாய் மாதிரி குரைத்தான். மூன்றாவது ஆள் மகள் வைஷ்ணவியைப் பற்றிச் சொன்ன வார்த்தையைக் கேட்டு ராக்கன் முற்றத்துக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொன்னமராவதி கடைவீதியில் இருபது வருஷமாக எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கடன் கொடுத்தவன்கூட அவரிடம் அப்படிப் பேசினதில்லை.

எட்டு மணிக்குள் அறுபது அழைப்பு.

வைஷ்ணவி எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முந்தின நாள் ஒருவன் தன்னைக் கேலி செய்த நேரலையை அவள் பாதிவரை பார்த்திருந்தாள்.

அவள் பி.காம் மூன்றாம் வருஷம். மூன்று வருஷமாக ஒரு யூடியூப் சேனல் வைத்திருந்தாள். நாலு பேர் அணியாக ஆடும் ஒரு துப்பாக்கி கேமைப் பற்றித் தமிழில் பேசுவாள். ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்ப்பார்கள். சேனல் தொடங்கும்போது அவளுக்கென்று தனி நம்பர் இல்லை. தொடர்புக்கு என்று கேட்ட இடத்தில் அப்பாவின் நம்பரைப் போட்டிருந்தாள். பிறகு அது அங்கே இருப்பதையே மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை ஒரு வீடியோ போட்டிருந்தாள். எட்டு நிமிஷம். அதில் அவள் சொன்னது இதுதான்:

"இந்த கேம்ல ரேங்க்னு ஒண்ணு இருக்குல்ல, அது திறமைய அளக்கல. ஒங்ககிட்ட எவ்வளவு நேரம் இருக்குங்கிறதத்தான் அளக்குது. செம்மல் அண்ணன் நல்லா ஆடுவாரு, இல்லேங்கல. ஆனா அவரு ஒரு நாளைக்குப் பதிமூணு மணி நேரம் ஆடுறாரு. நான் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து ஆடுறேன். உள்ள அம்மாவுக்கு பிரஷர் எறங்கிருச்சுன்னு கூப்பிட்டா பாதி ஆட்டத்துல போட்டுட்டுப் போவேன். எனக்கு மைனஸ் பாயின்ட் விழும். நீங்க 'ஓடிட்டா, கோழை'ன்னு திட்டுவீங்க. பாதியில போறவன் வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? நேரம் இருக்கிறவன் ஜெயிப்பான். அதுக்கு நம்ம வச்சிருக்கிற பேரு திறமை."

செம்மல் அதே மாவட்டத்துக்காரன். புதுக்கோட்டைப் பக்கம் வல்லத்திராக்கோட்டை. அதே கேமை நேரலையில் ஆடிக் காட்டுகிறவன்; யூடியூபில் மூன்று லட்சம் பேர் அவன் பின்னால் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் தன் நேரலையில் அந்த வீடியோவை ஓடவிட்டு, வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திச் சிரித்தான். "டயாலிசிஸ் வார்டுல ப்ராக்டிஸ் பண்ணா பேஷன்ட் லெவல்லதான்டா ஆட முடியும்" என்றான். சிரிப்புப் பொம்மைகள் அருவியாகக் கொட்டின. யாரது என்று காட்டுவதற்காக அவள் சேனல் பக்கத்தைத் திறந்தான். பத்து விநாடி நம்பர் திரையில் இருந்தது. அது போதுமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் குரூப் குரூப்பாகப் போனது.

"நான் வீடியோவ எடுத்துர்றேன்ப்பா. நம்பரையும் எடுத்துர்றேன்" என்று வைஷ்ணவி அழுதாள். எடுத்தாள். அழைப்பு நிற்கவில்லை. நம்பர் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. ஒன்பது மணிக்கு அப்பாவின் வாட்ஸப் மூடிக்கொண்டது. இந்தக் கணக்கு தடை செய்யப்பட்டிருக்கிறது என்று வந்தது. ஆயிரம் பேர் சேர்ந்து புகார் அடித்திருந்தார்கள்.

"தெரியாத நம்பர் வராம பண்ணிரலாம்ல?" என்றார் ராக்கன்.

"ஆஸ்பத்திரியும் தெரியாத நம்பர்தானப்பா."

இரண்டாவது நம்பராக ஆஸ்பத்திரியில் சுகுணாவின் தம்பி கண்ணனுடையதைக் கொடுத்திருந்தார்கள். கண்ணன் ஆறு மாதத்துக்கு முன் சிங்கப்பூர் போனவன். அந்த சிம் செத்துப்போய் எத்தனையோ நாளாயிற்று. மாற்றிக் கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ராக்கன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வைஷ்ணவி தன் போனிலிருந்து அருணாவின் செல்லுக்கு அடித்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. ஏழு தடவை. அலுவலக லேண்ட்லைனை ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. இனி இதற்குக் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரைக் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். பார்த்தார்களா என்று தெரியவில்லை.

சுகுணா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்த அசதி. "அப்படி என்னத்தத்தான்டி சொன்ன?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் நேரா மதுரைக்குப் போயி ஒன் நம்பரக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று ராக்கன் சட்டையை மாட்டினார். "மேலூர் பஸ்ஸப் பிடிச்சா ரெண்டரை மணி நேரம்."

"அந்த ரெண்டரை மணி நேரத்துல கூப்பிட்டாங்கன்னா?"

"அதுக்குத்தான் இதைக் கையில வச்சிருக்கேன். வர்றதையெல்லாம் எடுப்பேன். எல்லாத்தையும் எடுப்பேன்" என்றார். அவர் பேசும்போதே போன் அடித்தது. "ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு வைஷ்ணவி புதுக்கோட்டை பஸ் ஏறினாள். செம்மலின் வீடு எதுவென்று அவனைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெயர்ப்பலகை, பஸ் நிறுத்தம், பச்சை பெயின்ட் அடித்த மாடி அறை எல்லாம் அவன் வீடியோவில் வந்ததுதான். வழியெல்லாம் அப்பாவின் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். பிஸி. திருமயம் தாண்டும்போது ஒரு தடவை, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மூன்று தடவை. பிஸி. தான் அடிப்பதும் அந்த லைனை அடைக்கிறதே என்று தோன்றியதும் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

டவுன் பஸ் பிடித்து வல்லத்திராக்கோட்டையில் இறங்கியபோது மணி பன்னிரண்டு அடிக்கப் போனது. வாசலில் செம்மலின் அம்மா கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். "மேல இருக்கான், போத்தா. சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவளைப் போலவே யாராவது தினமும் வருவார்கள் போல.

செம்மல் நேரில் பார்க்க ஒல்லியாக இருந்தான். கண்ணைச் சுற்றிக் கருப்பு. நேரலை தொடங்க விளக்கைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்து எழுந்துவிட்டான்.

"சிஸ்டர், அது சும்மா ஃபன்னுக்குப் பண்ணது. மனசுல வச்சுக்காதீங்க."

"அந்த நம்பர் எங்க அப்பாவோடது" என்றாள். மூச்சு வாங்கியது. "அந்த நம்பருக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடுவாங்க. எங்க அம்மாவுக்குக் கிட்னி வந்தா அந்த நம்பருக்குத்தான் சொல்லுவாங்க. காலையிலேர்ந்து லைன் கிடைக்கல. நிறுத்தச் சொல்லுங்கண்ணே. ஒங்க காலுல வேணாலும் விழுகுறேன்."

செம்மல் உட்கார்ந்தான். "நம்பர் தெரிஞ்சது சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரி. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. சொல்லுங்க."

"நான் சொன்னா நிப்பாட்டிருவாங்கன்னு நினைக்கிறீங்களா?" அவன் குரல் தாழ்ந்தது. "போன மாசம் ஒரு பையன விட்டுருங்கடான்னு சொன்னேன். செம்மல் மாறிட்டான், காசு வாங்கிட்டான்னு என்னையவே கிழிச்சாங்க. கீழ இருக்காங்கள்ல எங்க அம்மா, அவங்க போட்டோவ எடுத்து... வேணாம், விடுங்க. அவங்க எனக்குக் கட்டுப்பட்டவங்க இல்ல சிஸ்டர். நான்தான் அவங்களுக்குக் கட்டுப்பட்டவன்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். "நீங்களே லைவ்ல வந்து சாரி சொல்லிருங்க. சொன்னது தப்புன்னு சொல்லிருங்க. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சா அவங்களுக்கு போர் அடிச்சிரும். அடுத்த ஆளத் தேடிப் போயிருவாங்க. அப்படித்தான் எப்பவும் அடங்கும்."

வைஷ்ணவி நாற்காலியை இழுத்துப் போட்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் செம்மல்தான் பேசினான். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னான். தயவுசெய்து கூப்பிடாதீர்கள் என்று கைகூப்பினான். பக்கத்துத் திரையில் எழுத்துகள் ஓடின. டிராமா. அனுதாப ஓட்டு. இவளுக்கே கிட்னி இல்லாத மாதிரிதான் ஆடுறா. இடையில் ஒருவன், பாவம்டா நிப்பாட்டுங்க என்று எழுதினான். அந்த வரி மேலே போய் மறைந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றாள் வைஷ்ணவி. "மன்னிச்சிருங்க. ரேங்க்தான் திறமை. செம்மல் அண்ணன் திறமையான ஆளு. எனக்கு விவரம் பத்தல."

இன்னொரு தடவை சத்தமா என்று எழுதினார்கள். சொன்னாள். பொண்ணுங்களுக்கு கேம் ஆடத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லு என்று ஒருவன் தொடங்க, அதையே நூறு பேர் எழுதினார்கள். செம்மல் அவளைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணுங்களுக்கு ஆடத் தெரியாது" என்றாள். அப்போது அவள் அழவில்லை. அவளுக்கு அப்பாவின் போன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும் என்றிருந்தது.

அப்போது ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பார்த்ததைவிட மூன்று மடங்கு. முந்தின கதை தெரியாத புது ஆட்கள் யாரிவள் என்று கேட்க, தெரிந்தவர்கள் பதில் எழுதினார்கள். பதிலோடு நம்பரையும் எழுதினார்கள். செம்மல் ஒன்றை அழித்தான், பத்து வந்தது. இன்னும் வேகமாக அழித்தான். கடைசியில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். அறை அமைதியானது. மின்விசிறிகூட அதே பிளக்கில்தான் ஓடியது போலிருக்கிறது, அதுவும் நின்றது.

வைஷ்ணவி அப்பாவுக்கு அடித்தாள். பிஸி.

"நான் என்ன சிஸ்டர் பண்றது? நீங்களே சொல்லுங்க" என்றான் செம்மல். நிஜமாகவே கேட்டான். அவனைத் திட்டுவதற்கு அவளிடம் தெம்பில்லை. எழுந்து படியிறங்கினாள். கீழே அவன் அம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கி, குடிக்காமல் திரும்பக் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் போன் அடித்தது. அருணாவின் நம்பர். ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தாள்.

"பாப்பா" என்றார் ராக்கன். "அருணா மேடம் போன்லேர்ந்து பேசுறேன்."

"போய்ச் சேந்துட்டீங்களாப்பா? நம்பரக் குடுத்துட்டீங்களா?"

பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டார்கள்.

"காலையில எட்டு நாப்பதுக்கு அடிச்சிருக்காங்க பாப்பா. மூணு தடவ. நம்ம லைன் பிஸி. கண்ணன் நம்பருக்கும் அடிச்சிருக்காங்க, அது இல்லன்னு வந்திருக்கு. ஒம்பது மணி வரைக்கும் பாத்திருக்காங்க."

"அப்புறம்?" என்றாள் வைஷ்ணவி.

"யாரோ ஒருத்தருக்கு ஆபரேசன் தொடங்கிருச்சாம். மேடம் ஒம்பது மணியிலேர்ந்து உள்ள இருந்திருக்காங்க, அதான் ஒன் போன எடுக்கல. இப்பத்தான் வெளிய வந்தாங்க."

அருணா போனை வாங்கினார். களைத்த குரல். "அம்மா, உறுதியா ஒங்களுக்குத்தான் வந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மூணு பேரக் கூப்பிட்டோம். வந்தப்புறம் டெஸ்ட் இருக்கு, பொருந்தணும். பொருந்தாமலும் போயிருக்கலாம்."

"பொருந்தியும் இருக்கலாம்ல மேடம்?"

அருணா பொய் சொல்லவில்லை. "இருக்கலாம்மா" என்றார். "ஒன் நம்பர முதல் நம்பராப் போட்டுட்டேன். பேர் லிஸ்ட்ல அப்படியேதான் இருக்கு. பாப்போம்."

ராக்கன் சாயங்காலம் வீடு திரும்பினார். அந்தப் பழைய போனை அணைத்து பரணில் போட்டார். பஸ்ஸில் எத்தனை அழைப்பு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மேலூர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டாராம். "ஒருத்தன் மட்டும், 'என்ன ஆஸ்பத்திரிங்க?'ன்னு கேட்டான். மீமிசல் பையனாம், அசாருதீன்னு பேரு சொன்னான். விஷயத்தச் சொன்னேன். அழுதுட்டான். எங்க குரூப்புல சொல்லி நிப்பாட்டுறேன் மாமான்னான்" என்றார். "சொல்லியிருப்பான். யாரு கேட்டா."

சுகுணாவிடம் அவர்தான் சொன்னார். வைஷ்ணவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அம்மாவிடமிருந்து "கண்ணன் நம்பர மாத்தச் சொன்னேன்ல உங்கள?" என்ற ஒரு கேள்வி மட்டும் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை பஸ்ஸில் வைஷ்ணவி அம்மாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அம்மா அவளிடம் பேசவில்லை. கால் வீங்கி செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது.

திருமயம் தாண்டியதும் சுகுணா கேட்டாள். "நீ சொன்னது தப்பா?"

"எது?"

"அந்தப் பையன் வீட்டுல போயி தப்புன்னு சொன்னியாமே. பக்கத்து வீட்டு அக்கா மகன் காட்டுனான். நீ சொன்னது தப்பான்னு கேக்குறேன்."

"இல்லம்மா. தப்பில்ல."

"பிறகு எதுக்குத் தப்புன்ன?"

"போன் நிக்கும்னு நினைச்சேன்."

"நின்னுச்சா?"

வைஷ்ணவி இல்லையென்று தலையை அசைத்தாள்.

"எனக்குக் கோவம் இல்லன்னு நினைக்காத" என்றாள் சுகுணா. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருக்கு. ஒம் மேலயும் இருக்கு, ஒங்கப்பா மேலயும் இருக்கு. எப்பப் போகும்னு எனக்குத் தெரியல. அவனுகளுக்கு நான் என்ன பண்ணேன்? என் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு வர இருந்தது போச்சு. போனது போகட்டும். அதுக்கு மேல நீ ஒரு பொய்யவும் சொல்லிட்டு வந்திருக்க. எதுக்கு? அத எடுத்துரு."

"எடுக்க முடியாதும்மா. அவன் சேனல்ல இருக்கு. எல்லாரும் எடுத்து வச்சிருக்காங்க."

"அப்ப ஒன் சேனல்ல திரும்பச் சொல்லு. தப்பில்லன்னு சொல்லு."

"திரும்பத் திட்டுவாங்க."

"இப்ப மட்டும் என்ன கொஞ்சுறாங்களா?"

ஆஸ்பத்திரி வந்தது. அம்மாவை உள்ளே படுக்கவைத்து, ஊசி ஏற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வைஷ்ணவி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தலைகூட வாரவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய் என்றாள், பயத்தில் சொன்னேன் என்றாள். எட்டு நாற்பதுக்கு வந்த மூன்று அழைப்பைப் பற்றியும் சொன்னாள். அந்த இடத்தில் குரல் போய்விட்டது. அதை வெட்டாமல் அப்படியே ஏற்றினாள்.

ஒரு மணி நேரத்தில் நானூறு கருத்துகள். முதல் இருபதைப் படித்தாள், நடிப்பு என்றுதான் இருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. செம்மலிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. நான் இதை என் பக்கத்தில் போட முடியாது சிஸ்டர், புரிஞ்சுக்கங்க என்று எழுதியிருந்தான். அவள் பதில் போடவில்லை.

உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "சுகுணா அட்டெண்டர் யாரு? பிரஷர் எறங்குது, வாங்க" என்றாள். வைஷ்ணவி ஓடினாள். அம்மாவின் கை சில்லென்றிருந்தது. கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி வைத்தார்கள். சுகுணா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ம்மா."

சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. வைஷ்ணவி அந்தக் கையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.